கருநாக்கு ஆர்வில்

எங்கள் ஊர் பேஸ்பால் அணிக்குக் கெளுத்திகள் என்று பெயர். மிசிசிப்பிக் கரையில் இருக்கிற ஐயோவா ஊர் வேறென்ன பெயர் வைக்கும்? மைதானத்தில் மூன்றாம் பேஸ் பக்கத்துப் பார்வையாளர் படிகளில் நான் பீர் விற்கிறேன். ஆர்வில் ஹாஸ்கின்ஸ் வறுகடலை விற்கிறார். மற்ற நேரத்தில் ஊராரின் வாஷிங் மெஷின்களைப் பழுது பார்ப்பார். பத்து வரிசை தள்ளி இருப்பவன் மடியில் பொட்டலம் விழும்படி முதுகுக்குப் பின்னாலிருந்தே எறிவார். குறி தப்பாது. தப்புவது வாய்தான். மெஷினுக்குள் தலையை விட்டிருக்கும்போதும் பேசிக்கொண்டே இருப்பார்.

அந்த வாயால்தான் பட்டம் வந்தது. வீச்சாளன் ஒருவன் எதிரணிக்கு ஓர் அடிகூடக் கொடுக்காமல் ஆட்டத்தைக் கொண்டுபோனால், முடியும்வரை அதை யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கெட்டுவிடும். ஸ்கோர் பலகையில் பூஜ்யம் கொட்டை எழுத்தில் நிற்கும். எல்லாரும் பார்ப்போம், வானிலையைப் பற்றிப் பேசுவோம். சில வருஷங்களுக்கு முன் அப்படியோர் ஆட்டம், மொத்த ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ். ஆர்வில் தன்பாட்டுக்கு, "கடலை, சூடான கடலை, இன்னும் ஒரு அடிகூட விழல, கடலை" என்று கூவிக்கொண்டு போனார். அடுத்த பந்து பறந்துபோய் வேலியில் மோதியது.

அன்றிலிருந்து அவர் கருநாக்கு ஆர்வில். ஐந்தாவது இன்னிங்ஸ் தாண்டினால், எந்த ஆட்டமானாலும் சரி, அவர் கூவக் கூடாது என்று முடி வெட்டும் கஸ் சட்டம் போட்டான். எங்கள் பக்கம் மொத்தமும் ஆமாம் போட்டது. மனுஷன் ஊமையாக நின்று பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி விற்றார். பார்த்தால் பாவமாக இருக்கும். சிரிப்பும் வரும், பொய் சொல்வானேன்.

போன ஆகஸ்டில் ரீஸ் டிலானி என்ற ஒல்லிப்பிச்சான் எங்கள் அணிக்கு வீச வந்தான். அன்று அவன் பந்தை எவனாலும் தொட முடியவில்லை. மட்டையோடு வந்தவர்கள் காற்றை விசிறிவிட்டுத் திரும்பினார்கள். ஏழாவது இன்னிங்ஸில் அரங்கமே வானிலை பேச ஆரம்பித்தது. எல்லாக் கண்ணும் ஆர்வில் மேல்.

"மேவிஸ், நான் வெளிய போய் நிக்கட்டுமா?" என்று என் காதில் கேட்டார்.

"யோவ், போனா அதுவும் குத்தமாயிடும். இருக்கற எடத்த மாத்தக் கூடாது. பேசாம நில்லு."

"இதுவும் கெட்டுச்சுன்னா கடலப் பையக் கழட்டி வச்சிட்டுப் போயிடுவேன். அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருவன் அவுட்டானால் முடிந்தது. அந்த நேரம் பார்த்து, வெளியூர் அம்மா ஒருவர் ஆர்விலின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"கடலக்காரரே, இந்தப் பையன் எத்தன அடி குடுத்திருக்கான்? பலகை எனக்குச் சரியாத் தெரியல."

படியில் இருந்த தலை எல்லாம் திரும்பியது. ஆர்வில் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி கடலையைத் தோலோடு வாயில் திணித்தார். இரண்டு கன்னமும் அணிலுக்கு உப்புகிற மாதிரி உப்பின. விரலால் வானத்தைக் காட்டினார்.

"மழை வருமா?" என்றார் அந்தம்மா.

ஆர்வில் தலையாட்டினார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

"வரும்மா, நல்லாவே வரும்" என்றான் பின்னாலிருந்த கஸ்.

அந்தம்மா குடையை விரித்தார். பின்வரிசைகளுக்கு ஆட்டம் மறைந்துபோனது. ஒருவரும் அதை மடக்கச் சொல்லவில்லை. கடைசிப் பந்தை நான் குடைக்கடியில் குனிந்துதான் பார்த்தேன். மட்டை சுழன்றது. பந்து பிடிப்பவனின் கையுறைக்குள் படாரென்று விழுந்தது. அவுட்.

கெளுத்திகள் ஓடிப்போய் ரீஸின் மேல் விழுந்தார்கள். எங்கள் பக்கம் மட்டும் மைதானத்தைப் பார்க்கவில்லை, ஆர்விலைப் பார்த்தது.

"துப்புய்யா" என்றான் கஸ். "துப்பிட்டு நீயே சொல்லு. நீதான் சொல்லணும்."

ஆர்வில் தோலைத் துப்பினார். கண்ணீர் வழிந்தது. "ஒரு அடி..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி வாயைத் திறந்தார். இத்தனை வருஷம் விழுங்கி வைத்தது எதுவோ அதுதான் வந்தது.

"கடலை. சூடான கடலை."

மூன்றாம் பேஸ் பக்கம் மொத்தமும் எழுந்து நின்று அதையே திருப்பிக் கூவியது.

குடைக்கார அம்மா என்னிடம் திரும்பினார். "கடலைக்கா இத்தன கூத்து?"

"ஆமாங்க" என்றேன்.