பழைய வீடியோவில் ஒரு முகம்

கல்யாண வீடியோ எடுக்கிற என் பழைய கேமராவின் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே ஓடுகிற மென்பொருளை, மாற்றினேன். இனி இருட்டில் முகங்கள் கட்டம் கட்டமாக உடையாது. இன்று காலை அதைப் பெருமையாக ஸ்டேட்டஸில் போட்டேன்.

மத்தியானமே அதைப் பார்த்துவிட்டு ஆலந்தலையிலிருந்து பஸ் ஏறி, ஒரு அண்ணாச்சி பென் டிரைவோடு என் தூத்துக்குடி ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார்.

"நீ எடுத்த கல்யாண வீடியோதாம்ப்பா. பந்தலுக்குப் பின்னால இருட்டுல சிரிச்சிக்கிட்டு நிக்கான் பாரு, அவன்தான் என் தம்பி."

கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பி. போட்டோ எல்லாம் தம்பியின் போனில்தான் இருந்ததாம். போனும் அவரோடு கடலில் போய்விட்டது.

"அவன் மவளுக்கு மாதா கோயில்ல புதுநன்மைச் சடங்கு வருது. அப்பா படம் வேணுங்கா. ஆதார்ல உள்ளதக் காட்டுனா, இது எங்க அப்பா இல்லங்கா. நீதான் கேமராவச் சரி பண்ணிட்டேல்லா, இதையும் தெளிவாக்கிக் குடு."

இனிமேல் எடுப்பதுதான் தெளிவாக வரும் அண்ணாச்சி, எடுத்து முடித்ததை ஒன்றும் செய்ய முடியாது என்றேன். நான் திருப்பி நீட்டிய பென் டிரைவை அவர் வாங்கவில்லை.

வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். ஏஐ என்று மட்டும் எழுதாதீர்கள். அதையும் அவர் எதிரிலேயே போட்டுப் பார்த்தேன். நன்றாகச் சிரிக்கிற, தெளிவான முகம் வந்தது.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது யாருப்பா?"