எவர்சில்வர் டப்பாவும் புதுக் காரும்

சாவியைக் காருக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி முழிப்பவர்கள் இருபத்திரண்டு வருடங்களாகப் பூட்டுக்காரரைத்தான் கூப்பிடுகிறார்கள். ஓர் ஆப்பு, ஒரு நீளக் கம்பி, ஐந்து நிமிடம், கதவு திறந்துவிடும். இருந்தென்ன, மாமியார் வீட்டில் அவருக்கு மடக்கு நாற்காலிதான். கைவைத்த நாற்காலி சகலைக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை சகலை புதுக் காரில் வந்து இறங்கினார். வீடே வாசலுக்கு ஓடியது.

"கொஞ்சம் வேகம் எடுத்தா கதவெல்லாம் தானா பூட்டிக்கும் அத்தை. இறங்கினப்புறமும் அப்படித்தான். சாவி என் பையில இருந்தா போதும், நான் நாலடி தள்ளிப் போனதும் வண்டியே பூட்டிக்கும்."

"அடேயப்பா! இனிமே பூட்டுக்காரங்களுக்கு வேலையே இருக்காது போல" என்றார் மாமியார். விளையாட்டாகத்தான் சொன்னார். பூட்டுக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது.

சகலை விடவில்லை. "சாவியோட சிக்னலைத் திருடங்க தூரத்துல இருந்தே பிடிச்சுடுவாங்களாம். அதான் வண்டி ஓட்டாத நேரமெல்லாம் இந்த எவர்சில்வர் டப்பாவுல போட்டு மூடிடுவேன். எப்படி?"

பூட்டுக்காரர் டப்பாவைப் பார்த்தார். மூடிய டப்பாவோடு சாவி காருக்குள் தங்கிவிட்டால், அது தூரப் போய்விட்டது என்றுதான் வண்டி நினைக்கும். உள்ளே ஆள் இருந்தாலும் பூட்டிக்கொள்ளும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். ஒரு நாள் நடுரோட்டில் நிற்கட்டும், அப்போது என்னைத்தானே கூப்பிடுவான்!

"என்னமோ சொல்ல வந்தீங்களே?" என்றாள் மனைவி.

"எல்லாம் தெரிஞ்சவருக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

மதியம் கிளம்பும்போது சகலை தன் மூன்று வயது மகளைப் பின்சீட்டில் உட்கார வைத்தார். வழக்கப்படி சாவியை டப்பாவில் மூடி, பையை முன்சீட்டில் போட்டு, கதவைச் சாத்திவிட்டு மாமியாரிடம் சொல்லிக்கொள்ள வந்தார். கார் விளக்கைச் சிமிட்டிப் பூட்டிக்கொண்டது.

பூட்டுக்காரருக்கு ஒரு நொடி உள்ளம் குளிர்ந்தது. அப்புறம்தான் குழந்தையின் முகம் தெரிந்தது. உச்சி வெயில். குழந்தை உள்ளிருந்து திறக்கக் கூடாதென்று பின்கதவில் வேறு ஒரு பூட்டு. கம்பியும் ஆப்பும் கடையில். போய்வர அரை மணி நேரம். குழந்தை வீறிட்டு அழுதது, வெளியே பாதிதான் கேட்டது.

"சுத்தியலைக் கொண்டாங்க!" என்று கத்தினார்.

சில்லு குழந்தைமேல் தெறிக்காதபடி முன்கதவுக் கண்ணாடியின் ஓரத்தில் ஓங்கி அடித்தார். மூன்றாவது அடியில் அது பொலபொலவென்று உதிர்ந்தது. கையை விட்டுத் திறந்து, வியர்வையில் நனைந்த குழந்தையைத் தூக்கினார். "பெரியப்பா" என்று அது கழுத்தைக் கட்டிக்கொண்டது.

மாமியார் கைவைத்த நாற்காலியைத் தானே தூக்கிவந்து போட்டார். சகலை குலுங்கி அழுதார். "அண்ணே, டப்பாவுல வச்சா இப்படி ஆகும்னு உங்களுக்காவது தெரியுமாண்ணே?"

பூட்டுக்காரரின் மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தெரியாது" என்றார் பூட்டுக்காரர். இருபத்திரண்டு வருடத் தொழிலில் ஒரு பூட்டைப் பற்றி அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.