மாமியாருக்காகத் தூக்கிய வண்டி

குளுவாங் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜுனைத், தன் மாமியாரின் முகத்தைச் சரியாகப் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி, மகள் ஃபரீஹா பள்ளியில் பாரம் ஃபைவ் வரைக்கும் வந்துவிட்டாள். எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் சம்சாத் பேகம் மருமகன் எதிரில் வர மாட்டார். அவர்கள் ஊர்ப் பழக்கம் அப்படி. கடல் தாண்டி வந்த குடும்பங்களில் பலர் அதை எப்போதோ விட்டுவிட்டார்கள், இந்த அம்மா விடவில்லை. மருமகன் கூடத்துக்கு வந்தால் அவர் அடுக்களைக்குள் போய்விடுவார். சொல்ல வேண்டியதைத் தன் மகள், ஜுனைத்தின் மனைவி தஸ்லிமா வழியாகத்தான் சொல்லுவார்.

ஜுனைத்தும் அந்த மரியாதைக்குக் குறை வைத்ததில்லை. மாமியார் வண்டியில் ஏறும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே இருக்கும் மாமரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் கியரில் கை போகும். நம்மைப் போல ஒரு மருமகன் கிடைக்க வேண்டுமே என்று உள்ளூர ஒரு நினைப்பும் உண்டு.

வண்டி ஒரு பழைய பஜேரோ. சிறுநீரகம் கெட்டுப்போன மாமியாரை வாரம் மூன்று தடவை ரத்தம் கழுவக் கூட்டிப்போவது அதில்தான். போன மழைக்காலத்தில் அவர்கள் கிராமத்துச் சாலையில் தண்ணீர் ஏறி, வண்டி பாதி வழியில் நின்றுபோனது. அன்றைக்கு ரத்தம் கழுவ முடியாமல் மாமியார் மூச்சு முட்டிப் படுத்துவிட்டார். பிழைத்து எழுந்தது பெரிய காரியம்.

"அடுத்த மழைக்குள்ள வண்டிய உயரமா தூக்கிடணும். மாமிக்காகவாவது செஞ்சே ஆகணும்" என்று ஜுனைத் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். இந்தக் காலத்தில் மாமியாருக்கு இப்படி யார் பார்க்கிறார்கள் என்று கேட்டவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கு வரும். காட்டுப் பாதையில் ஓட்டப் போகும் ஃபோர்வீல் கூட்டம் ஒன்று ரொட்டி சானாய் சாப்பிட அங்கேதான் நிறுத்தும். ஒவ்வொரு வண்டியும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். நடுவில் ஜுனைத்தின் பஜேரோ பின்பக்கம் தொங்கிப்போய்க் கிடக்கும்.

"அலமாக், பாய்! உங்க வண்டி என்ன இன்னும் உக்காந்தே இருக்கு? எழுப்பி விடுங்க லா" என்பான், அந்தக் கூட்டத்துக்குத் தலைவன் மாதிரி நடந்துகொள்ளும் வசந்தன். எல்லாரோடும் சேர்ந்து ஜுனைத்தும் சிரிப்பார். கல்லாவுக்குத் திரும்பியதும் வயிறு எரியும்.

மெக்கானிக் சபாபதி ஒளிக்காமல் சொன்னார். ஸ்பிரிங்கும் அப்சார்பரும் புதிதாக மாற்றினால் வண்டி அளவாக உயரும், ஓட்டமும் மெத்தென்று இருக்கும், ஆனால் செலவு பிடிக்கும். சேஸிக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்துத் தூக்கலாம்; சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே பிடித்தால் வம்பு. மலிவாக வேண்டுமென்றால் முன்பக்கத்து முறுக்குக் கம்பியை இறுக்கிவிட்டு, பின்பக்க ஸ்பிரிங்கின் மேல் ரப்பர் கட்டை வைத்து, பெரிய டயர் மாட்டிவிடலாம். தூக்கித் தூக்கிப் போடும். ஆனால் நல்ல உயரம்.

"உங்க ரோட்டுத் தண்ணிக்கு முதல்ல சொன்னதே போதும் பாய்" என்றார் சபாபதி.

ஜுனைத்தின் காதில் உயரம் என்ற ஒரு சொல்தான் விழுந்தது. ரப்பர் கட்டையும் கம்பி வேலையும் கைக்கு அடக்கமாக வந்தன, பெரிய டயருக்குத்தான் பணம் இடித்தது. அப்போது அவர் கண் வண்டியின் இரண்டு பக்கமும் இருந்த கால் வைத்து ஏறும் படிகளில் விழுந்தது. வசந்தனின் வண்டியில் இதெல்லாம் கிடையாது. அன்றே அவற்றைக் கழற்றி சபாபதியிடமே விற்றார். அதை வைத்து டயரும் வந்துவிட்டது.

"படி எங்கங்க?" என்று தஸ்லிமா கேட்டாள்.

"தண்ணிக்குள்ள போறப்ப கட்டை கிட்டை வந்து மாட்டும். அதான் எடுத்தாச்சு" என்றார். பொய் எவ்வளவு சரளமாக வந்தது என்று அவருக்கே ஆச்சரியம். தஸ்லிமா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஞாயிறு வசந்தன் விசிலடித்தான். ஜுனைத் அவனுக்கு ஒரு தே தாரிக் டீ இலவசமாகக் கொடுத்தார். மாமியாரின் பயணமும் வழக்கம்போல நடந்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்கக் கொஞ்சம் தாமதமானது, அவ்வளவுதான். வயதானவர்கள், மெதுவாகத்தான் ஏறுவார்கள் என்று மாமரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டார்.

டிசம்பரில் மழை கொட்டியது. ஒரு காலையில் வீட்டு வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். ரத்தம் கழுவ வேண்டிய நாள். அக்கம்பக்கத்தார் அவரவர் வாசலில் நின்று வேடிக்கை பார்க்க, ஜுனைத் பஜேரோவைக் கேட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். எஞ்சினுக்கு ஒரு துளி தண்ணீர்கூட எட்டவில்லை.

"பாத்தியாக்கா, இதுக்குத்தான் தூக்குனேன்!" என்று எதிர்வீட்டுக் கஸ்தூரிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு, மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

பின்கதவு திறந்தது. சாத்தும் சத்தம் மட்டும் வரவில்லை. வண்டி ஆடியது. "புடிச்சிக்க உம்மா, இன்னும் கொஞ்சம்" என்று தஸ்லிமா முனகுவது கேட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பொறுமை போய் ஜுனைத் ஹார்னை அடித்தார்.

அப்போதுதான் அவர் ஜன்னலுக்குக் கீழே ஒரு நீல வாளி கவிழ்ந்தபடி மிதந்து போனது. அவர்கள் வீட்டுக் குளியலறை வாளி. இது எதற்கு வெளியே வந்தது என்று ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் உடம்பெல்லாம் கூசியது. இத்தனை நாளும் மாமியார் ஏறியது இதன் மேல்தான். தண்ணீரில் அது நிற்கவில்லை.

அவர் கண்ணாடியைப் பார்த்தார். பார்க்கக் கூடாதென்று இருந்தவர் பார்த்தார். சம்சாத் பேகம் இருக்கையில் நெஞ்சைக் கிடத்தி, ஒரு காலை மேலே தூக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தார். முக்காடு சரிந்து நரைத்த தலை தெரிந்தது. ஈரக் கைலி வீங்கிய காலோடு ஒட்டியிருந்தது. கீழிருந்து மகள் தள்ளிக்கொண்டிருந்தாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஹார்ன் அடித்தது தான்தான் என்று நினைத்ததும் அவருக்கு உயிரே போனது போலிருந்தது.

இறங்கி ஓடினார். ஓடி என்ன செய்ய? தொட்டுத் தூக்கினால் அந்த அம்மா வெட்கத்தில் அங்கேயே செத்துப்போவார். கதவைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பி நின்றார். கஸ்தூரிதான் தண்ணீரில் இறங்கி வந்து, தஸ்லிமாவோடு சேர்ந்து அவரைத் தூக்கி உள்ளே ஏற்றினாள். போகும்போது ஜுனைத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அருமையாகத்தான் போனது. தூக்கிப் போட்ட ஒவ்வொரு குழியிலும் பின்னாலிருந்து "யா அல்லாஹ்" என்று சன்னமாக ஒரு குரல் வந்தது. ஜுனைத் வழி முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு ஓட்டினார்.

ரத்தம் கழுவும் நிலையத்து வாசலில் நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்தார். பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மாமியாரிடம் நேராகப் பேசினார்.

"மாமி, படிய நான்தான் வித்தேன். தண்ணிக்காக இல்ல. வண்டி அழகா தெரியணும்னு. உங்களுக்காகன்னு ஊரெல்லாம் சொன்னது பொய். மாஃப் பண்ணிடுங்க."

உள்ளே ஈர முக்காட்டை இழுத்துவிடும் சரசரப்பு. சம்சாத் பேகம் மகளின் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னது அவருக்கும் நன்றாகவே கேட்டது.

"வாளி தண்ணியோட போயிருச்சு, என்னால எட்டிப் புடிக்க முடியல, அதான் ஏற நேரமாச்சு. கோவிச்சுக்க வேணாம்னு மாப்பிள்ளைகிட்ட சொல்லும்மா."

தஸ்லிமா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. ஜுனைத் கதவைப் பிடித்தபடி, தலை தூக்க முடியாமல் நின்றார்.