லேசரில் வெட்டிய தோரணமும் என் தம்பியும்

இன்று டென்மார்க்கின் சில்க்போர்க்கில், நான் வேலை செய்யும் பெயர்ப்பலகைப் பட்டறையில் நடந்தது இது.

என்னோடு வேலை செய்யும் மரிசோல் மெக்சிகோக்காரி. மெல்லிய வண்ணத்தாளில் பூவும் பறவையும் வெட்டித் தோரணம் கட்டுவது அவர்கள் வழக்கம். ஊரில் உளியால் வெட்டுவார்களாம். இவள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் லேசர் இயந்திரத்தில் வெட்டுகிறாள். தாள் பறக்காமல் நான்கு மூலையிலும் காந்தம்.

"செத்த ஆக்களை நினைச்சு இதைத்தான் தொங்கவிடுவம்" என்று முன்பே சொல்லியிருந்தாள்.

வன்னியில் போர் முடிந்துவிட்டது என்று செய்தி வந்து ஒரு வாரம். அங்கிருந்த என் தம்பியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அது அவளுக்கும் தெரியும்.

இன்று தாளை வெட்டிக்கொண்டே கேட்டாள்: "உன்ர தம்பியின்ர பேர் என்ன? அவனுக்கும் ஒண்டு வெட்டித் தாறன்."

நல்ல மனதோடுதான் கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் இயந்திரத்தின் சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டேன். பறவை பாதியில் நின்றது.

"அவன் செத்திட்டான் எண்டு ஆர் உனக்குச் சொன்னது?"

மரிசோல் பாதிப் பறவையை எடுத்து அப்பால் வைத்தாள். பிறகு புதுத்தாள் ஒன்றை எடுத்து விரித்தாள்.

"கலியாணத்துக்கும் இதைத்தான் கட்டுவம். மாப்பிள்ளை பொம்பிளையின்ர பேரைப் போட்டு."

தம்பியின் பெயரைச் சொன்னேன். பக்கத்தில் இன்னொரு பெயருக்கு இடம் விடச் சொன்னேன். விட்டாள்.

தோரணம் இப்போது என் சமையலறையில் தொங்குகிறது. பையனுக்கு முப்பத்தியொரு வயது, அக்காவைப் போலவே கோபக்காரன். பொருத்தமான பொம்பிளை இருந்தால் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள்.