சீட்டில்லாமல் வாங்கிய பசு

பெரிய வீட்டுக்காரர் பசுவின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்துத் தன் தோளில் போட்டுக்கொண்டது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. ஐம்பதுகளின் கடைசி. மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கக் கூடாது, கயிறு போனால் பட்டியில் உள்ள மாடுகளும் பின்னாலேயே போய்விடும் என்பது எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்து வழக்கம். வாங்குகிறவர்தான் புதுக் கயிறு கொண்டுபோக வேண்டும். அப்பாவின் அக்காவான என் அத்தை, மஞ்சள் தடவிய புதுக் கயிறோடு போயிருந்தாள்.

அத்தை புருஷனை இழந்தவள். அந்த வீட்டு நிலத்தில் நடவு நட்டும் களை பிடுங்கியும் வயிறு கழுவியவள். எங்கள் தெருக்காரர்கள் ஊரார் மாட்டை மேய்த்தார்களே தவிர, சொந்தமாக வைத்திருந்ததில்லை. காதுக் கம்மலை விற்றுத்தான் அந்தச் செவலைச் சினைப்பசுவை அவள் வாங்கினாள். கூட வந்த அப்பா, விற்றதற்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும் என்று தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார். பக்கத்தில் நின்ற மணியக்காரர்தான் பாய்ந்தார்.

"இன்னாடா, பெரிய வூட்லயே சீட்டு கேக்கறியா? அவங்க வார்த்தைய வுட காயிதம் ஒசத்தியா? நான்தான் பாத்துக்கினு கீறேனே, போடா."

அப்பா புதுக் கயிற்றைப் பிடித்துப் பசுவை ஓட்டிக்கொண்டு நடந்தார்.

பசு கன்று போட்டது. நல்ல கறவை, தெருவே அத்தையிடம் பால் வாங்கியது. அதற்குள் பெரிய வீட்டுக்காரர் செத்துப்போனார். கருமாதி முடிந்த கையோடு அவர் மகன் ஆள் அனுப்பினார். தகப்பனார் பசுவை வளர்ப்புக்குத்தான் விட்டிருந்தாராம், திருப்பி ஓட்டிவர வேண்டுமாம். அத்தை முடியாது என்றாள். பஞ்சாயத்து கூடியது. மகன் அந்தப் பழைய கயிற்றைக் கொண்டுவந்து நடுவில் போட்டார். "கயிறு எங்க வூட்ல கீது. மாடு எப்படி உன்னுதாவும்?"

அங்கே இருந்தவர்களில் ஒருவராவது சிரித்திருக்க வேண்டும். வளர்ப்புக்கு விடுகிற மாடு கயிற்றோடு போகும். விற்ற மாட்டின் கயிறுதான் வீட்டில் தங்கும். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. அத்தையும் அதைத்தான் கேட்டாள். "வளக்க வுட்டிருந்தா கயிறோட வுட்டிருப்பாரே சாமி. வித்ததுனாலதானே கயிறு ஒங்க வூட்ல தங்கிச்சி?"

அவள் மணியக்காரர் பக்கம் திரும்பினாள். அந்தப் புண்ணியவான் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வாங்கசொல்லோ ஒரு சீட்டு எழுதி வாங்கியிருக்கலாம் இல்ல? இப்ப வந்து அழுவறே" என்றார்.

கூலிக்காரி சீட்டு கேட்டால் திமிர், கேட்காமல் விட்டால் முட்டாள்தனம். பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் அத்தை அதே வீட்டு வயலுக்குத்தான் களை பிடுங்கப் போனாள். வேறு எங்கே போவாள்? மணியக்காரர் வரப்பில் நடந்தால், குனிந்த தலை நிமிராமல், "நாக்கு அழுவிப் போவ" என்பாள். அவளுக்குக் கிடைத்த கோர்ட்டு அவ்வளவுதான்.

இப்போது நான் காஞ்சிபுரத்தில் இருக்கிறேன். பழைய சைக்கிளைக் கைமாற்றினாலும் சீட்டு எழுதாமல் விடமாட்டேன். எனக்குக் கிறுக்கு என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் என் மனைவியின் தையல் மெஷினை வாங்க, வீட்டு வேலைக்குப் போகும் ஒரு பெண் வந்தாள். எந்த மெஷின், என்ன நம்பர், விற்றது யார், வாங்கியது யார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரரையும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"சீட்டு எதுக்கு நைனா? உங்கள எனக்குத் தெரியாதா? உங்க வார்த்த போதும்."

"போதாது!" என்று கத்தினேன். "நாளைக்கே நான் செத்து, என் புள்ள வந்து மெஷினக் கேட்டா இன்னா பண்ணுவே? புடி இத. பத்திரமா வை."

அவள் மிரண்டுபோய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உள்ளே என் மகன் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாகக் கத்தினேன்.