கிழவன் பொய் சொல்றான்

மங்கையற்கரசி மிஸ் யாரையும் நம்பமாட்டார். வாசிகசாலை திறந்த முதல் நாளே அதை அவர் எங்களிடம் சொல்லிவிட்டார்.

"புத்தகம் போகக்குள்ளயும் பக்கம் எண்ணுவன், வரக்குள்ளயும் எண்ணுவன். அதுக்கு ஆரும் கோவிக்கப்படாது."

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அது 2006ஆம் ஆண்டு. எனக்குப் பதினான்கு வயது. களுவாஞ்சிக்குடியில், சுனாமி வந்து நின்ற இடத்திலிருந்து அரைக் கட்டைத் தூரம் தள்ளி, ஒரு தொண்டு நிறுவனம் தகரக் கூரை போட்டு அந்த வாசிகசாலையைக் கட்டித் தந்திருந்தது. பொறுப்பாக வந்தவர்தான் மிஸ். நாற்பதைத் தாண்டிய, கல்யாணம் கட்டாத மனுசி. கல்லாற்றிலிருந்து பஸ்ஸில் வருவார். மேசை லாச்சியைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்வார்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் இருந்தது. 1990இல் ஆமி ஊர் ஆண்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தியபோது, ஆளைக் காட்டிக் கொடுக்கிற தலையாட்டி ஒருவன் சாக்கால் மூடி ஜீப்புக்குள் இருந்தானாம். மிஸ்ஸின் தம்பி முன்னால் போனதும் அந்தச் சாக்கு ஆடியது. தம்பி வீட்டுக்குத் திரும்பவில்லை.

"சாக்குக்குள்ள இரிந்தவன் வெளியூரான் இல்ல புள்ள. எங்கட ஆக்களைத் தெரிஞ்சவன்தான் தலையாட்டுவான். இண்டைக்கு எனக்குச் சந்தையில மீன் நிறுத்துத் தாறவனாவும் இரிக்கலாம்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதனால் பதினாறு வருடமாக எல்லோரையும் ஒரே மாதிரிச் சந்தேகப்பட்டு வந்தார். அவருக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

வாசிகசாலைக்குச் சென்னையிலிருந்து இரண்டு பெட்டிப் புத்தகம் வந்தது. முக்கால்வாசி இளையோருக்கான மாயாஜால நாவல்கள். அதில் எல்லோரும் அடிபட்டு வாசித்தது 'வெள்ளிச் சிறகு நாடு' என்ற தொடர், ஐந்து பாகம். ஆரன் என்ற பதின்மூன்று வயதுப் பையனின் வீட்டுக் கதவை ஒரு நாள் சாம்பல் அங்கி போட்ட கிழவன் தட்டுவான். "நீதான் தெரிவு செய்யப்பட்டவன். உன்னால்தான் நாடு பிழைக்கும்" என்று சொல்லி, ஆரனைப் போருக்குக் கூட்டிக்கொண்டு போவான். பனிமலை, பறக்கும் நாகம், பேசும் வாள் எல்லாம் அதில் உண்டு.

தொண்டு நிறுவனத்துக்கு மாதம் ஒரு அறிக்கை போகவேண்டும். இளம் வாசகர் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். அதற்காக மிஸ் ஒரு கொப்பி போட்டார். நாங்கள் அதில் கருத்து எழுதுவோம். கள உத்தியோகத்தர் உதயரூபன் மோட்டார் சைக்கிளில் வந்து அதைப் படிப்பார். நல்ல மனுசன். ஆனால் எங்கள் கருத்துகள் அவருக்கு வாய்க்கவில்லை.

ஜெயந்தன் எழுதினான்: "நாகம் நல்லம். மாரி மழையில அது எப்படி நெருப்புக் கக்கும் என்று எழுதியவர் யோசிக்கவில்லை."

நான் எழுதினேன்: "ஆரனின் அம்மா முதலாம் பாகத்தில் மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு வரவேயில்லை. அவ மகனைத் தேடவில்லையா?"

இன்னொருத்தி எழுதினாள்: "தெரிவு செய்யப்பட்டவன் என்று சொன்னதும் ஆரன் சந்தோசப்படுகிறான். எங்கட பக்கம் ஒருவரும் சந்தோசப்பட மாட்டினம்."

உதயரூபன் தலையைச் சொறிந்தார். "தம்பி தங்கச்சிமார், கதை உங்களுக்கு நம்பிக்கை தாற மாதிரி ஒண்டும் எழுதேலாதா?"

"நம்பிக்கை வந்தா எழுதுவம் சேர்" என்றான் ஜெயந்தன்.

இனிச் சொல்லப்போவதை மிஸ் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னார்.

2007இல் அன்னப்பூரணி என்ற மனுசி வாசிகசாலைக்கு வரத் தொடங்கினா. வாவிக்கரையில் இருந்து சந்தையில் றால் விற்கிறவ. கையெழுத்தை ஒவ்வோர் எழுத்தாக யோசித்துத்தான் போடுவா. அவ 'வெள்ளிச் சிறகு நாடு' முதலாம் பாகத்தைக் கேட்டா.

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

மிஸ் நம்பவில்லை. அன்னப்பூரணிக்கு வாசிக்க வராது என்று பார்த்தாலே தெரிந்தது. வீட்டில் வாசிக்கிற பிள்ளையும் இல்லை. இளைய மகள் சுலோஜனா சுனாமியில் போய்விட்டாள், மரண அத்தாட்சிப் பத்திரமும் எடுத்தாகிவிட்டது. மூத்தவளை அதற்கு இரண்டு கிழமை கழித்து இயக்க ஆட்கள் வந்து தங்கள் படைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஊருக்கே தெரிந்த விசயம்.

றால் சுற்றத்தான் தாள் கேட்கிறா என்று மிஸ் முதலில் நினைத்தார். புத்தகம் திரும்பி வந்ததும் இரண்டு தரம் எண்ணினார். ஒரு பக்கமும் குறையவில்லை. பழைய பத்திரிகையில் சுற்றி, மூலை மடியாமல் வந்திருந்தது. இரண்டாம் பாகமும் அப்படியே வந்தது. மூன்றாம் பாகம் வந்தபோது உள்ளே கிழிக்கிற கலண்டர் தாள் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தது:

"கிழவன் பொய் சொல்றான். வாசலைத் திறக்க வேணாம்."

மிஸ் அதை இரண்டு தரம் படித்தார். இது யாருக்கு யார் அனுப்பிய செய்தி? எந்தக் கிழவன்? எந்த வாசல்? ஒரு துண்டுத் தாளுக்காக ஆட்கள் காணாமல் போன காலம் அது. எரிக்கலாம் என்றால் புகை தெரியும். கிழித்துப் போடலாம் என்றால் யாராவது பொறுக்கி ஒட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் அதைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் மிச்சச் சோற்றுக்கு அடியில் வைத்து, சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரனுக்குப் பையைத் திறந்து காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் பாகத்தையும் கொண்டு போயிருந்தார். பிள்ளைகளின் புத்தகம் என்று அதுவரை அவர் அந்தத் தொடரைத் தொட்டதில்லை. அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, காலையிலிருந்து பின்னேரம் வரை வாசித்தார். பதினோராம் அத்தியாயத்தில் சாம்பல் அங்கிக் கிழவன் ஆரனை ஒரு கல்வாசலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறான். "திற. உள்ளே உன் மக்கள் உனக்காகக் காத்திருக்கிறார்கள்" என்கிறான்.

மிஸ் புத்தகத்தை மூடினார். அது இரகசியச் செய்தி இல்லை, கருத்து. கொப்பியில் நாங்கள் எழுதுகிற மாதிரி ஒரு பிள்ளையின் கருத்து. அப்படியென்றால் அன்னப்பூரணியின் வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது. அது எந்தப் பிள்ளை என்பதையும் அவர் ஊகித்துவிட்டார்.

நடந்தது இதுதான். சுனாமி அடித்த அன்று சுலோஜனாவை யாரோ லொறியில் ஏற்றிக் கரடியனாறுப் பக்கம் கொண்டு போயிருந்தார்கள். அங்கே அவளைக் கண்டுபிடிக்கப் பதினொரு நாள் எடுத்தது. அதற்குள் தாய் அவளைக் காணாமல் போனவர் பட்டியலில் பதிந்திருந்தா. பெயரை வெட்டுவிக்கப் போக இருந்த நேரத்தில் மூத்தவளைக் கொண்டு போனார்கள். அன்னப்பூரணி பெயரை வெட்டுவிக்கவில்லை. செத்த பிள்ளையை யாரும் கேட்டு வரமாட்டார்கள். சுலோஜனா அன்றிலிருந்து பின் அறையில் இருந்தாள். பக்கத்து நாலு வீட்டுக்கும் தெரியும். நாலு வீடும் தெரியாத மாதிரியே இருந்தன.

நாலாம் பாகத்தைக் கொடுக்கும்போது மிஸ் உள்ளே ஒரு துண்டு வைத்தார். "வாசலைத் திறக்காட்டிக் கதை எப்பிடி நடக்கும்?" என்று மட்டும் எழுதியிருந்தார். பெயர் போடவில்லை.

இரண்டு கிழமையால் பதில் வந்தது. "கதை நடக்கத்தான் வேணுமா? அவன் வீட்டில ஆடு மேய்ச்சுக்கொண்டு இரிந்தா என்ன?"

அதோடு அன்னப்பூரணி வருவதை நிறுத்திவிட்டா. மகளின் கையில் வேற்று ஆளின் எழுத்தைக் கண்டுவிட்டா போல. மிஸ் ஒரு மாதம் பொறுத்தார், இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு ஒரு நாள் பட்டப்பகலில், ஐந்தாம் பாகத்தை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்கு நடந்தார்.

அன்னப்பூரணி படலையைத் திறக்கவில்லை. வேலிக்கு மேலால் பார்த்தா.

"என்ன விசயம்?"

"புத்தகம் கொண்டு வந்தன்."

"நான் கேக்கேல்லயே. ஆர் உங்கள இஞ்ச அனுப்பின?"

"ஒருத்தரும் அனுப்பேல்ல."

"என்ட மகள் சுனாமியோட போயிற்றாள். அரசாங்கக் கடதாசி இரிக்கு. எடுத்துக் காட்டவா?"

"வேணாம்" என்றார் மிஸ். "எனக்கும் அப்பிடித்தான் தெரியும். வாசிக்கிறது நீங்கதானே? உங்களுக்குத்தான் கொண்டு வந்தன்."

அன்னப்பூரணி தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தா. பிறகு வேலிக்கு மேலால் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினா. தண்ணி வேணுமா என்றுகூடக் கேட்கவில்லை. மிஸ்ஸும் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் அந்த மனுசியின் இடத்தில் இருந்திருந்தால் புத்தகத்தையும் வாங்கியிருக்கமாட்டார்.

இவ்வளவு கவனமாக இருந்த மிஸ் ஒரு பிழை விட்டார். அந்த "கதை நடக்கத்தான் வேணுமா?" அவருடைய மனதை விட்டுப் போகவில்லை. எங்கள் கருத்துகளையெல்லாம் அறிக்கைக்குப் பார்த்து எழுதும்போது, அதையும் தன் கையெழுத்தில், பெயரில்லாமல் சேர்த்துவிட்டார்.

2008 ஆவணியில் உதயரூபன் சிறந்த கருத்துக்குப் பரிசு என்று சொல்லி ஒரு கூட்டம் வைத்தார். அன்று அவரோடு இன்னொருவரும் வந்திருந்தார். நீலச் சேட்டு, கையில் சின்னக் குறிப்புப் புத்தகம். வாசலோரம் நின்றார். யாரென்று உதயரூபன் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

உதயரூபன் அந்தக் கருத்தைச் சத்தமாக வாசித்தார். "அருமையான கேள்வி. இத எழுதினது ஆர்? எழும்புங்க பாப்பம்."

ஒருவரும் எழும்பவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். ஜெயந்தன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். நீலச் சேட்டுக்காரர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"பேர் போடாம ஆர் எழுதினது?" என்று அவர் கேட்டார். அவர் வாய் திறந்தது அந்த ஒரு தரம்தான்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவருடைய முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த வசனம் பிடிபட்டது. ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் ஒருத்தி இருந்தாள். ரீச்சர் என்ன கதை சொன்னாலும் "அது நடக்கத்தான் வேணுமா ரீச்சர்?" என்று கேட்பாள். ஊரில் அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்காக நாங்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்றிருந்தோம்.

நான் எழும்பினேன். "நான்தான் சேர். வெக்கத்தில பேர் போடேல்ல."

"என்ன பேர்?"

"கம்சாயினி."

அவர் எழுதிக்கொண்டார். எனக்கு ஒரு நிறப்பென்சில் பெட்டி கிடைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். மிஸ் தட்டவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு என்னை மேசைக்குக் கூப்பிட்டார். "ஏன் பொய் சொன்ன நீ?"

"நீங்க ஏன் மிஸ் பேர் போடாம எழுதினீங்க?"

அவர் லாச்சியைப் பூட்டிச் சாவியை முடிந்துகொண்டார். நான் சுலோஜனாவின் பெயரைச் சொல்லவில்லை. அதன் பிறகு ஒன்பது மாதம் மிஸ் என்னைத்தான் காவல் காத்தார். நான் யாரோடு கதைக்கிறேன், எந்த வழியால் வீட்டுக்குப் போகிறேன் என்று வாசலில் நின்று பார்ப்பார். எனக்குக் கோபம் வரும். அவரைக் காப்பாற்றியவளையே சந்தேகப்படுகிறார் என்று அழுதும் இருக்கிறேன். நீலச் சேட்டுக்காரர் யாரென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. ஒருவேளை கணக்குப் பார்க்க வந்த வெறும் உத்தியோகத்தராகவும் இருக்கலாம். மிஸ் அதை இன்றைக்கும் ஏற்கமாட்டார்.

2009 வைகாசியில் போர் முடிந்தது. மூத்தவள் வருவாள் என்று அன்னப்பூரணி வவுனியா முகாம்களுக்கு நாலு தரம் போய் வந்தா. அவள் வரவில்லை. ஆவணியில் ஒரு காலை, இளையவளைக் கையில் பிடித்துக்கொண்டு வாசிகசாலைக்கு வந்தா. நானும் அங்கே இருந்தேன். சுலோஜனாவுக்கு வெயில் கண்ணைக் கூசியது. கால்கள் வெளிறி இருந்தன. என்னைக் கண்டு கொஞ்சம் சிரித்தாள். பிறகு மிஸ்ஸைப் பார்த்து, "ஆறாம் பாகம் வேணும்" என்றாள்.

"அது வரேல்ல மகள். சென்னையில இரிந்து அஞ்சு பாகம்தான் வந்த."

"வந்திரிக்கும். நீங்க ஒளிச்சு வச்சிரிப்பீங்க."

அன்னப்பூரணி பதறிப்போனா. மிஸ் முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவிக் கொத்தை மேசையில் வைத்தார். அந்தச் சாவியை அவர் ஒருவர் கையிலும் கொடுத்து நான் கண்டதில்லை. சுலோஜனா அலுமாரி, லாச்சி, பழைய பெட்டி எல்லாவற்றையும் திறந்து ஒரு மணித்தியாலம் தேடினாள். பிறகு "சரி, இல்லத்தான்" என்று சாவியைத் திருப்பித் தந்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

"கெட்டிக்காரி" என்றார் மிஸ், அவர்கள் போன பிறகு. அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல்தரம்.

செத்தவளை உயிரோடு இருப்பவளாகப் பதிய இரண்டு வருடம் பிடித்தது. அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார்கள். "இவதான் அவ எண்டு எப்பிடி நம்புற?" என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்கள். மிஸ் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார். கந்தோர்க்காரர்களைத் திட்டவில்லை. "அவங்க கேக்கத்தான் வேணும்" என்பார். 2011இல் பத்திரம் ரத்தானது. சுலோஜனா தனியாகச் சோதனை எழுதி, இரண்டாம் தரம் சித்தியடைந்து, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் புத்தகங்கள்தான் உன்னை அந்த அறைக்குள் காப்பாற்றினவா என்று ஒருமுறை கேட்டேன். "இல்ல, பொழுது போச்சு. கதை அவ்வளவு திறமில்ல" என்றாள்.

மிஸ் ஓய்வு பெற்றுக் கல்லாற்றில் தங்கையோடு இருக்கிறார். எனக்குக் கல்யாணம் பேசி வந்தபோது, மாப்பிள்ளையைப் பற்றி அவராகவே மூன்று பேரிடம் விசாரித்தார். மூன்றாவது ஆள் சொன்னதைக் கேட்டுவிட்டு வேணாம் என்றார். நான் கட்டினேன். ஏழு வருடமாகிறது, ஒரு குறையும் இல்லை. ஆனாலும் மிஸ் எங்கள் வீட்டுக்கு வந்தால், என் கணவர் ஊற்றித் தருகிற தேத்தண்ணியை நான் ஒரு வாய் குடித்த பிறகுதான் கையில் எடுப்பார்.