வத்தல் களத்தில் வந்த சிரிப்பு

ஆண்டவருடைய பிள்ளைகளே, இந்த ஆலயத்தில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறேன். நல்ல சாட்சி வரும் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள். கேட்ட பிறகு என் முகத்தில் முழிக்க உங்களுக்குப் பிடிக்குமோ என்னவோ.

என் வீட்டுக்காரர் மிளகாய் வத்தல் வியாபாரி; வீட்டை ஒட்டிய களத்தில் காயப்போட்டு விற்பார். அவர் இறந்த பிறகு நான் குளிப்பதைக்கூடத் தள்ளிப்போட்டேன். பசி இல்லை, தூக்கம் இல்லை. மகன் சென்னையிலிருந்து போன் அடித்தால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று பொய் சொல்லி வைத்துவிடுவேன். ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். தினமும் காலையில் முழங்காலில் நின்று, "ஆண்டவரே, என் வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பும்" என்று அழுவேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்தில் நம் ஆலய வளாகத்திலிருந்து "ஹோ ஹோ, ஹா ஹா" என்று சத்தம் வரும். டிரில் டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன எஸ்தர் அக்கா, வயதான பெண்களைச் சேர்த்து உடற்பயிற்சியும் சிரிப்புப் பயிற்சியும் நடத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புருஷனை இழந்தவளைப் பார்த்துத்தான் சிரிக்கிறாளுகள் என்று நினைத்தேன்.

"ஆலய வளாகத்தில் கையைத் தூக்கிக் கெக்கலி கொட்டுகிறார்கள், வெளி ஆட்களும் வருகிறார்கள்" என்று கமிட்டிக்குப் பெயர் போடாமல் ஒரு கடிதம் போனதே, யார் எழுதியது என்று ஒரு வருஷமாகத் தேடுகிறீர்களே, அந்தப் பாவி நான்தான்.

அடுத்த வாரமே சத்தம் நின்றது. ஆண்டவரே நிறுத்தினார் என்று ஸ்தோத்திரம் வேறு சொன்னேன். வெட்கங்கெட்டவள்!

நாலு நாளுக்கு மேல் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பைத் திட்டுவதற்காகவாவது நான் காலையில் எழுந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் எழவே இல்லை. படுத்தபடியே பழைய ஜெபத்தைச் சொன்னேன்.

கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் எஸ்தர் அக்காவும் துணிக்கடை பாத்திமாவும் நிற்கிறார்கள். நான் எழுதிய வெளி ஆள் அந்தப் பாத்திமாதான்.

"ஏட்டி ரூபி, எவளோ மொட்டக் கடுதாசி போட்டுட்டா. நிக்க இடமில்லாம அலையுதோம். ஒன் வத்தக் களம் சும்மாத்தான கெடக்கு, காலையில அரை மணி நேரம் தாயேன்," என்றார் எஸ்தர் அக்கா.

பாத்திமா என்னையே பார்த்தார். "என்னக்கா இப்பிடி எளைச்சுப் போயிட்டிய? ஒழுங்கா சாப்பிடுதியளா இல்லையா?"

தரை பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. களத்துக்குச் சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள். என் வீட்டுக்காரர் போனதிலிருந்து அந்தச் சிமெண்டுக் களத்தை நான் பெருக்கியதே இல்லை. எல்லோரும் குதித்ததில் வெடிப்பில் கிடந்த பழைய வத்தல் தூசி கிளம்பிவிட்டது. "நல்லா மூச்ச இழுங்கட்டி!" என்றார் எஸ்தர் அக்கா. இழுத்தோம். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தும்மல்.

"அண்ணாச்சி போயும் அவிய வத்தலுக்குக் காரம் போகலையே!" என்றார் பாத்திமா, மூக்கைப் பிடித்துக்கொண்டு.

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். வயிறு வலிக்கச் சிரித்து, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். பத்துப் பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

அன்று மத்தியானம் எனக்குப் பசித்தது. இப்போது தூக்கம் வருகிறது. டாக்டர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார். ஒரு ஆளை அனுப்பும் என்று கேட்டேன். ஆண்டவர் பத்துப் பேரை முன்னமே சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பியிருந்தார். விரட்டியவள் வாசலுக்கே அவர்களைத் திரும்பவும் அனுப்பினார். அவருக்கு எப்படி நன்றி சொல்வேன்!

நேற்றுக் கடைக்குப் போய்ப் பாத்திமாவிடம் கடிதம் எழுதியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்டுவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். எஸ்தர் அக்கா, மூன்றாவது பெஞ்சில் நீங்கள் இருப்பது தெரிகிறது. ஏறெடுத்துப் பார்க்க முடியவில்லை. என்னை மன்னியுங்கள்.

கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற அக்காமார் இங்கே இருந்தால், ஆண்டவரிடம் கேளுங்கள், அனுப்புவார். வருகிறவர்களை என்னைப்போல விரட்டிவிடாதீர்கள். நாளைக் காலை ஆறு மணிக்குக் களத்துக் கேட்டைத் திறந்து வைத்து நிற்பேன். இதைக் கேட்ட பிறகும் யாராவது வருவீர்களா என்று தெரியவில்லை. ஆனாலும் நிற்பேன்.